சைக்கோமெட்ரிக் தேர்வு உங்களிடம் எதைக் கேட்கும்? ஒரு வாசகிக்குப் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். ஏழு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றிய பின், இப்போது வேறொரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். முதற்கட்டப் பரிசீலனையில் தேறிய உங்களுக்கு, திறனையும் இயல்பையும் அளக்கும் உளவியல் தேர்வான சைக்கோமெட்ரிக் தேர்வை, இரண்டு பகுதிகளாக, ஐந்து நாட்களுக்குள் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் முடிக்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் வேறோர் இடத்தில் இதே போன்றதொரு தேர்வோடு உங்கள் விண்ணப்பம் நின்றுபோயிற்று. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. "எனக்கு அறிவு போதாது என்று அந்தத் தேர்வு சொல்லிவிட்டதா? இம்முறை எப்படித் தயாராவது? ஆளுமைக் கேள்விகளுக்கு அவர்கள் எதிர்பார்க்கும் விடையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று ஆண்டுகளுக்கு முன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றேன். அது இந்தத் தேர்வில் வெளிப்பட்டுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை நீங்கள் தயங்கித் தயங்கிக் கடிதத்தின் முடிவில் எழுதியிருந்தாலும், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளிப்படாது. வேலைக்கு ஆளெடுக்கும்போது பயன்படும் ஆளுமை வினாப்பட்டியல் நோயைக் கண்டறியும் கருவி அன்று. நோயைக் கண்டறிய உருவானவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெயர்பெற்றது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-இல் வெளியான பன்முக ஆளுமை வினாப்பட்டியல். மருத்துவமனைக்கு வருவோரின் மனநிலையை மதிப்பிடுவதற்காகவே அது எழுதப்பட்டது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதைப் பதவி உயர்வுக்கான தேர்வுகளில் ஒன்றாகப் பயன்படுத்தியபோது ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வினாப்பட்டியலை மருத்துவப் பரிசோதனையாகவே கருத வேண்டும் என்றும், அதை அவ்விதம் பயன்படுத்தியது மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்துக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது. காவல் பணி, விமானம் ஓட்டும் பணி போன்று பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் வேலைகளில் மருத்துவ உளவியல் மதிப்பீடு கேட்கப்படலாம்; ஆனால் அது தனியாக, அதற்குரிய நிபுணர் ஒருவரால் நடத்தப்படுவது. கொள்முதல் பிரிவு அந்த வரிசையில் வராது.

உங்களுக்கு வரப்போகும் வினாப்பட்டியலில் "நெருக்கடியான நாளில் என் நிதானம் குலைவதில்லை" என்பது போன்ற சில வாக்கியங்கள் இருக்கும். உணர்ச்சி நிலைப்பாடு என்ற தலைப்பில் அவை கூட்டப்பட்டு ஒரு மதிப்பெண் கிடைக்கும். நீங்கள் உங்களைப் பற்றி இன்று என்ன சொல்கிறீர்களோ அதை மட்டுமே அந்த எண் அறியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எந்த மருத்துவரிடம் போனீர்கள் என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. சிகிச்சை பெற்றுத் தேறிய பலர் அந்த அளவில் சராசரியாகவே நிற்பார்கள். மருத்துவமனைப் படியே ஏறாத சிலர் மிகத் தாழ்ந்து நிற்பார்கள். சிகிச்சை பெற்றதுண்டா என்று நேரடியாகக் கேட்கும் கேள்வி ஏதேனும் வந்தால், விடை எழுதுவதற்கு முன் அது இந்த வேலைக்கு ஏன் தேவை என்று நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். வேலை உறுதியாவதற்கு முன் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது அல்லது கட்டுப்படுத்துகிறது. நீங்களாக முன்வந்து அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

இனித் தேர்வுக்கு வருகிறேன். இது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இதன் குணம் விளங்கும். 1905-இல் பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதற்காக ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அது ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் எதிரெதிரே அமர்ந்து பொறுமையாகச் செய்வது. 1917-இல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியபோது, படைக்கு வந்து குவிந்த ஆட்களை விரைவாகப் பிரித்து அனுப்ப வேண்டிய தேவை எழுந்தது. எழுத்தறிந்தவர்களுக்கு ஆல்ஃபா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு பீட்டா என இரு தேர்வுகள் தயாராகி, பதினேழு லட்சம் பேருக்குமேல் கூட்டங் கூட்டமாக உட்காரவைத்து நடத்தப்பட்டன. போர் முடிந்ததும் அந்த முறை நிறுவனங்களுக்குள் நுழைந்தது. இன்று உங்கள் திரையில் ஓடப்போகும் கடிகாரம் அந்தப் படைமுகாமிலிருந்து வந்தது. பெருங்கூட்டத்தைச் சிறு கூட்டமாக்குவதற்கான சல்லடை இது. சல்லடை தன் வேலையை ஓரளவு நன்றாகவே செய்கிறது என்று நான் நம்புகிறேன்; நம்பாவிட்டால் இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்க மாட்டேன். ஆனால் சல்லடையில் தங்கிய ஒரு மணியை எடுத்து, அதன் தரம் இன்னதென்று சல்லடை சொல்லிவிட்டதாக யாராவது கூறினால் அதை ஏற்க மாட்டேன்.

உங்களுக்கு வந்துள்ள இரண்டு பகுதிகளும் இயல்பில் வேறுபட்டவை. முதற்பகுதி திறனறித் தேர்வு. உங்களால் அதிகபட்சம் என்ன செய்ய முடியும் என்று அது பார்க்கிறது, சரியான விடையும் தவறான விடையும் அதில் உண்டு. இரண்டாம் பகுதி ஆளுமை வினாப்பட்டியல். நீங்கள் வழக்கமாக எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்கிறது, அதில் சரி தவறு கிடையாது. முதலாவதற்குப் பயிற்சி செய்ய வேண்டும். இரண்டாவதற்குச் செய்யக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆளுமைக் கேள்விகளுக்கு விடை தேடி இரவெல்லாம் அலைந்துவிட்டு, எண்கணக்குப் பகுதியை ஒரு முறைகூடப் பழகிப் பார்க்காமல் உட்காருகிறார்கள்.

திறனறிப் பகுதியில் பெரும்பாலும் எண்கள், சொற்கள், வடிவங்கள் என மூன்று வகைக் கேள்விகள் வரும். எண் கேள்விகளில் கடினமான கணிதம் இருக்காது. அட்டவணையையும் வரைபடத்தையும் படித்து, விழுக்காடு, விகிதம், சராசரி ஆகியவற்றைக் கணக்கிட வேண்டியிருக்கும். கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் இது எளிது என்று நினைத்துவிடாதீர்கள், ஏனெனில் அலுவலகத்தில் மென்பொருள் செய்து கொடுக்கும் வேலையை இங்கே நீங்களே கையால் செய்ய வேண்டும். ஒரு பொருளின் விலை 20 விழுக்காடு ஏறி, பின் 20 விழுக்காடு இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று அவசரத்தில் பலர் விடையளிக்கிறார்கள். உண்மையில் அது பழைய விலையைவிட 4 விழுக்காடு குறைவு. 25 விழுக்காடு ஏற்றத்துக்குப் பின் விலை 450 என்றால் ஏற்றத்துக்கு முன் 360 என்று வகுத்துக் காண வேண்டும். 450-இலிருந்து 25 விழுக்காட்டைக் கழித்துவிடுவது மிக வழக்கமான பிழை. கேள்விகளை அமைப்போர் இந்தப் பிழைகளை அறிந்தே, அவற்றால் வரும் தவறான எண்களையும் விருப்பத்தேர்வுகளில் வைப்பார்கள். ஆகவே நீங்கள் கண்ட எண் பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

சொற்பகுதியில்தான் படித்தவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, அதன்கீழ் ஒரு கூற்றைக் கொடுத்து, அது சரியா, தவறா, பத்தியைக் கொண்டு சொல்ல இயலாதா என்று கேட்பார்கள். "கிடங்கில் புதிய பதிவுமுறை நடைமுறைக்கு வந்த ஆண்டில் சரக்கு இழப்பு குறைந்தது" என்று பத்தியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "புதிய பதிவுமுறையே இழப்பைக் குறைத்தது" என்பது கூற்று. உங்கள் அனுபவம் உடனே 'சரி' என்று சொல்லும். ஆனால் அந்த ஆண்டில் காவலாளியை மாற்றியிருக்கலாம், வரத்தே குறைந்திருக்கலாம். பத்தி காரணத்தைச் சொல்லவில்லை. விடை, சொல்ல இயலாது என்பதே. இந்தப் பகுதியில் நீங்கள் உலகத்தைப் பற்றி அறிந்தவற்றை வாசலில் விட்டுவிட்டு, தாளில் உள்ள சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். துறையில் நெடுநாள் பழகியவர்களுக்கு இது புதியவர்களைக் காட்டிலும் கடினமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களையும் அதனால்தான் எச்சரிக்கிறேன்.

வடிவப் பகுதியில் வரிசையாகச் சில உருவங்கள் வரும். அடுத்தது எது என்று கேட்பார்கள். ஒரே பார்வையில் முழு உருவத்தையும் பிடிக்க முயலாமல், மூலைகளின் எண்ணிக்கை, நிறம், சுழலும் திசை என ஒவ்வொரு கூறாகத் தனித்துப் பின்தொடருங்கள். இருபது முப்பது கேள்விகளைப் பழகினால் திரும்பத் திரும்ப வரும் விதிகள் சிலவே என்பது தெரிந்துவிடும்.

காலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தகைய தேர்வுகளில் பலவற்றை எல்லோரும் முடித்துவிடக் கூடாது என்று எண்ணியே வடிவமைக்கிறார்கள். பல்லாண்டுகளாக நிறுவனங்கள் பயன்படுத்திவரும் வாண்டர்லிக் தேர்வின் வழக்கமான வடிவத்தில் 12 நிமிடங்களில் 50 கேள்விகள். ஒன்றுக்கு 15 வினாடிகூடக் கிடையாது. கடைசிக் கேள்வியை எட்டாமல் நேரம் முடிந்தால் அதைத் தோல்வி என்று எண்ணி மனம் உடைந்து அடுத்த பகுதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டா என்பதைத் தொடக்கக் குறிப்பில் தேடிப் படியுங்கள். குறைப்பு இல்லையென்றால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம். சில தேர்வுகள் நீங்கள் சரியாக விடையளிக்க அளிக்கக் கேள்விகளைக் கடினமாக்கிக்கொண்டே போகும். அவற்றில் பெரும்பாலும் பின்னோக்கிச் செல்ல முடியாது. கேள்விகள் மிகக் கடினமாக இருக்கின்றன என்ற உணர்வு, நீங்கள் நன்றாகச் செய்துகொண்டிருப்பதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

பயிற்சியால் எவ்வளவு முன்னேறலாம்? இத்தகைய தேர்வை இரண்டாம் முறை எழுதுவோரின் மதிப்பெண் சராசரியாக நியம விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கால் பங்கு அளவு உயர்கிறது என்று, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அது சிறியதே, ஆனால் தேறுவதற்கு எல்லையாக வைக்கும் வெட்டுமதிப்பெண்ணுக்கு அருகில் நிற்பவருக்குச் சிறியதும் பெரிது. அந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு, கேள்வியின் அமைப்பு பழகிப்போவதாலும் பதற்றம் குறைவதாலும் கிடைப்பது. அதை நீங்கள் வீட்டிலேயே பெறலாம். தேர்வை உருவாக்கிய நிறுவனங்கள் பல தங்கள் தளத்தில் மாதிரிக் கேள்விகளை இலவசமாக வைத்திருக்கின்றன. மின்னஞ்சலில் அதற்கான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு "உண்மையான கேள்விகள்" தருவதாகச் சொல்வோரிடம் போகாதீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்தது உங்கள் அறிவைப் பற்றிய தீர்ப்பா?

இந்தத் தேர்வில் நீங்கள் எத்தனை சரியாகச் செய்தீர்கள் என்பதற்குத் தனியே பொருள் கிடையாது. உங்கள் எண்ணிக்கையை ஓர் ஒப்பீட்டுக் குழுவின் எண்ணிக்கைகளோடு வைத்துப் பார்ப்பார்கள். சதமானம் 60 என்றால் அந்தக் குழுவில் 60 விழுக்காட்டினரைவிட நீங்கள் மேலே என்று பொருள். 60 மதிப்பெண் என்று பொருள் அன்று. அந்தக் குழு பொதுமக்களா, பட்டதாரிகளா, மேலாளர்களா என்பதைப் பொறுத்து ஒரே விடைத்தாள் உயர்வாகவும் தாழ்வாகவும் தோன்றும். அதன்பின் அந்த எண்ணிலேயே பிழை இருக்கிறது. ஸ்டென் என்ற அளவில் 1 முதல் 10 வரை மதிப்பிடுவார்கள், சராசரி 5.5, நியம விலக்கம் 2. நம்பகத்தன்மை (மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிலைத்திருக்கிறது என்பதன் அளவு; முழுமையானால் 1) 0.85 உள்ள ஒரு நல்ல தேர்விலேயே அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 0.8 ஸ்டென் வரும். அதாவது உங்களுக்கு 5 என்றும் உங்களுக்கு அடுத்தவருக்கு 6 என்றும் வந்தால், உங்கள் இருவருக்கும் இடையே உண்மையில் வேறுபாடு இருக்கிறது என்று நேர்மையான உளவியலாளர் எவரும் அடித்துச் சொல்ல மாட்டார். ஆனால் வெட்டுமதிப்பெண் 6 என்று வைத்த கணினி, அவரை உள்ளே விட்டு உங்களை வெளியே நிறுத்திவிடும்.

அந்த வெட்டுமதிப்பெண் எப்படி வைக்கப்படுகிறது என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வேலைக்குக் குறைந்தபட்சம் என்ன திறன் வேண்டும் என்று ஆராய்ந்து அதை முடிவு செய்ய வேண்டும். நல்ல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் என் பணியின் தொடக்கக் காலத்தில் நான் இருந்த ஓரிடத்தில், எதிர்பார்த்ததைப்போல் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்துவிட்டன என்பதற்காக, நேர்காணல் நடத்துவோருக்கு எத்தனை நாள் ஓய்வு இருக்கிறது என்று கணக்குப் பார்த்து வெட்டுமதிப்பெண்ணை உயர்த்தினார்கள். முந்தின நாள் தகுதி பெற்றிருந்தவர்கள் மறுநாள் தகுதியற்றவர்களானார்கள்; அவர்களுக்குப் போன கடிதத்தில், எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அந்தக் கடிதங்களில் நானும் கையெழுத்திட்டேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன். உங்களுக்கு வந்த கடிதமும் அத்தகையதா என்று எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் காரணம் சொல்லப்படாத மறுப்பு ஒன்றிலிருந்து உங்கள் அறிவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் 85 ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து, பொது அறிவுத்திறன் தேர்வுக்கும் வேலையில் காட்டும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.51 என்று கணித்தார்கள். பல்லாண்டுகள் எங்கள் துறை அந்த எண்ணையே மேற்கோள் காட்டிவந்தது. 2022-இல் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கணக்கில் செய்யப்பட்டிருந்த திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, அதை 0.31-க்குக் குறைத்தார்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 என்று அதற்கு மேலே வந்தது. 0.31 என்பதை அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால், மனிதர்களின் செயல்திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தேர்வு விளக்குகிறது. ஆயிரம் பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு உண்மையான பயன். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஒருவரைப் பற்றி, மீதி ஒன்பது பங்கை அந்தத் தேர்வு தொடவே இல்லை.

ஆளுமைப் பகுதிக்கு வருகிறேன். "அவர்கள் எதிர்பார்க்கும் விடை" என்று ஒன்றைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் நேர்மை. இரண்டாவது, அது பலிப்பதில்லை. இன்றைய வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் ஐந்து பெரும் பண்புகளைச் சுற்றி அமைந்தவை: புதியவற்றை ஏற்கும் மனம், கடமை உணர்வோடு ஒழுங்காகச் செய்யும் இயல்பு, பிறரோடு கலந்து பழகும் நாட்டம், இணங்கிப்போகும் குணம், உணர்ச்சி நிலைப்பாடு. இவற்றில் கடமை உணர்வு ஒன்றே ஏறக்குறைய எல்லாத் தொழில்களிலும் செயல்திறனோடு தொடர்புள்ளது என்று 1991-இல் பேரிக், மவுன்ட் இருவரும் செய்த தொகுப்பாய்வு காட்டியது. மற்றவை வேலையைப் பொறுத்தவை. கொள்முதல் பிரிவுக்கு விற்பனையாளரைப் போல் கலகலப்பானவர் வேண்டுமா, அல்லது விலைப்புள்ளிகளை நிதானமாக ஒப்பிட்டு, முகத்துக்கு நேரே மறுக்கத் தெரிந்தவர் வேண்டுமா? உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊகித்து நடிப்பவர்கள் தவறான வேடத்தைப் போட்டுக்கொண்டு போவதே அதிகம்.

தவிர, கேள்விகளின் அமைப்பே நடிப்பைக் கடினமாக்குகிறது. "நான் குறித்த நேரத்துக்கு முன்பே வேலையை முடிப்பேன்", "பிறர் கவலையைப் பொறுமையாகக் கேட்பேன்", "புதிய வழிகளை முயன்று பார்ப்பேன்" என மூன்று நல்ல வாக்கியங்களைத் தந்து, உங்களுக்கு மிகப் பொருந்துவது எது, மிகக் குறைவாகப் பொருந்துவது எது என்று கேட்பார்கள். மூன்றையும் ஏற்க வழியில்லை. ஒன்றை விட்டாக வேண்டும். வேறு சில பட்டியல்களில் "என் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை" என்பது போன்ற வாக்கியங்கள் இடையிடையே வரும். அவற்றுக்கெல்லாம் ஆம் என்று சொன்னால், தன்னை மிக நல்லவராகக் காட்ட முயல்கிறார் என்ற குறிப்பு அறிக்கையில் ஏறும். ஒரே பொருளை வேறு சொற்களில் பல இடங்களில் கேட்பதும் உண்டு. இவை எவற்றையும் பொறி என்று எண்ணி அஞ்ச வேண்டாம். இயல்பாக விடையளிப்பவர் இவற்றைக் கவனிக்காமலேயே கடந்துவிடுவார்.

ஒரே ஒரு நுணுக்கம் மட்டும் சொல்வேன். வீட்டில் நீங்கள் ஒருவிதமாகவும் பணியிடத்தில் வேறுவிதமாகவும் இருக்கலாம், எல்லோரும் அப்படித்தான். விடையளிக்கும்போது கடந்த ஓராண்டில் பணியிடத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது நடிப்பாகாது. பணியிடத்தை மனத்தில் கொண்டு அளிக்கும் விடைகள் வேலைச் செயல்திறனோடு கூடுதலாகப் பொருந்துகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. ஐந்து படிகள் உள்ள அளவில் எல்லாவற்றுக்கும் நடுப்படியையே தேர்ந்தெடுப்பதைத் தவிருங்கள். அதனால் உங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் போகும்.

பணிச்சூழலில் எழும் சிக்கல் ஒன்றை விவரித்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் பகுதியும் சில தேர்வுகளில் சேர்ந்து வரும். அங்கே மட்டும் அந்த வேலையின் பொறுப்பு என்ன என்று யோசித்து விடையளிப்பது முறை.

சைக்கோமெட்ரிக் என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒரே தரம் அல்ல. மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் மையர்ஸ் பிரிக்ஸ் வினாப்பட்டியலை ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுவோரே சொல்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் கிடையாது. இவற்றைக் கேட்டு ஒரு நிறுவனம் உங்களை மறுத்தால், அது உங்களைப் பற்றிச் சொல்வதைவிட அந்த நிறுவனம் ஆளெடுக்கும் முறையைப் பற்றிச் சொல்வதே அதிகம்.

விண்ணப்பதாரர் கேள்வி கேட்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி உங்களை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டியூக் பவர் என்ற மின் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், ஒரு தேர்வு குறிப்பிட்ட பிரிவினரை அதிக அளவில் வெளியே நிறுத்துமானால், அத்தேர்வு அந்த வேலையோடு தொடர்புடையது என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்குத் தீய நோக்கம் இல்லை என்பது போதாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்கள் தொழிலையே மாற்றியது. வேலைக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பை எழுதிவைக்கும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பணியாளர் மதிப்பீட்டுக்கென 2011-இல் வெளிவந்து 2020-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 10667 என்ற பன்னாட்டுத் தரநிலையும் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தன்னைப் பற்றி வைத்துள்ள தரவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒருவருக்கு அளிக்கிறது. முழுக்க முழுக்க இயந்திரமே எடுக்கும் முக்கிய முடிவுகளுக்கும் அது வரம்பு விதிக்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் எவ்வளவு தூரம் துணைநிற்கும் என்பது வேறு. கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை. பணிவாகக் கேட்ட ஒருவரை அதற்காகவே தள்ளிவிட்ட நிறுவனத்தை நான் கண்டதில்லை.

ஐந்து நாட்களை இப்படிப் பயன்படுத்துங்கள். முதல் நாளே மனிதவளப் பிரிவுக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேர்வின் பெயர் என்ன, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நேரம், கணிப்பானும் தாளும் அனுமதிக்கப்படுமா, எந்த ஒப்பீட்டுக் குழுவோடு மதிப்பிடுகிறார்கள், அறிக்கையை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், முடிவு எதுவாயினும் மதிப்பெண் பற்றிய விளக்கம் கிடைக்குமா என்று கேளுங்கள். பார்வைக் குறைபாடு, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர்ப்பாடு போன்றவை இருந்தால் கூடுதல் நேரமோ மாற்று வடிவமோ வேண்டும் என்பதையும் தேர்வுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். எழுதி முடித்தபின் சொன்னால் பெரும்பாலும் பயனிராது.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் ஒரு மணி நேரம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதிரிக் கேள்விகளைச் செய்யுங்கள். ஒவ்வொரு தவறையும் எந்த இடத்தில் வழி தவறினீர்கள் என்று பார்ப்பது, புதிதாகப் பத்துக் கேள்வி செய்வதைவிட மேல். நான்காம் நாள், மனம் தெளிவாக இருக்கும் வேளையில், இணைப்பையும் கணினியையும் சரிபார்த்துவிட்டு, வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். கைபேசியின் சிறு திரையில் அட்டவணைகளைப் படிக்க முயலாதீர்கள். ஐந்தாம் நாளை மின்தடைக்கும் இணையத் தடைக்கும் ஒதுக்கி வைத்திருங்கள். கடைசி இரவு வரை தள்ளிப்போட்டு, பாதியில் இணைப்பு அறுந்து தவித்தவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. அப்படி நேர்ந்துவிட்டால் உடனே திரையைப் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, அப்போதே எழுதி அனுப்புங்கள்.

அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுதும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று நம்புகிறேன். வீட்டில் எழுதிய தேர்வின் சுருக்கமான மறுவடிவத்தை அலுவலகத்தில் மேற்பார்வையில் எழுதச் சொல்லி ஒப்பிடும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

தேர்வில் தேறி நேர்காணலுக்குச் சென்றால், ஆளுமை அறிக்கையிலிருந்தே கேள்விகள் வரலாம். "விவரங்களில் அதிகம் தங்கிவிடுவீர்கள் என்று தெரிகிறது, அவசர முடிவு வேண்டியிருந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், அறிக்கை தவறு என்று வாதிடாமல், அப்படி நடந்த ஒரு நாளையும் நீங்கள் அதைச் சமாளித்த விதத்தையும் சொல்லுங்கள். ஏழு ஆண்டுக் கணக்கு வேலையில் அத்தகைய நாட்கள் உங்களிடம் ஏராளமாக இருக்கும். இரண்டு மூன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திலிருந்து பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள். மதிப்பெண் தந்திருந்தால், எந்த ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் அந்த எண்ணை நான் உங்களுக்கு விளக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்